எகிப்தியக் கல்லறைச் சுவரைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது அரசர்களின் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பொது டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். பெரும்பாலானோர் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்கிறார்கள். கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார்கள், வண்ணம் இன்னும் இப்படிப் பளிச்சென்று இருக்கிறதே என்று வியக்கிறார்கள், வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டபோது, "நரித்தலையோடு ஒரு சாமி, நிறையப் பறவைகள்" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவைதான் கீழே இருப்பவை. நேரில் போகிறவர்களுக்கும் உதவும், வீட்டிலிருந்தே அருங்காட்சியகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசனின் உடலை உள்ளே வைத்து, வாசலை அடைத்து, முத்திரை குத்திய பிறகு அந்த அறையில் விளக்கும் கிடையாது, பார்க்கக் கண்ணும் கிடையாது. அப்படியிருந்தும் கூரை விளிம்புவரை ஓர் அங்குலம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். காரணம், அவர்களுக்குப் படம் என்பது செயல்படும் பொருள். சுவரில் வரைந்த ரொட்டி இறந்தவருக்குப் பசியாற்றும். எழுதிய பெயர் அவரை உயிரோடு வைத்திருக்கும். வரைந்த பாம்பு கடிக்கவும் கூடும். சில கல்லறைகளில் பாம்பைக் குறிக்கும் எழுத்தின் மேல் கத்தி குத்தியிருப்பது போல எழுதியிருப்பது இந்தப் பயத்தால்தான். ஆகவே ஒவ்வொரு சுவரின் முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படம் இங்கே என்ன வேலை செய்கிறது?

படி 1: எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எகிப்தியக் கல்லறைக்கு இரண்டு பகுதிகள். உடல் வைத்த அறை நிலத்துக்கு அடியில் மூடிக் கிடக்கும். அதற்கு மேலே, அல்லது முன்னால், வழிபாட்டறை ஒன்று திறந்தே இருக்கும். உறவினர்கள் நல்ல நாளில் வந்து படையல் வைத்து, இறந்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதிகாரிகளின் கல்லறைகளில் நாம் ரசிக்கும் ஓவியங்கள் பெரும்பாலும் இந்தத் திறந்த பகுதியில் இருப்பவை.

புதிய அரசு காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1069 வரை, அரசர்கள் இந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். வழிபாட்டுக் கோயில் வயல்வெளியின் ஓரத்தில் பகிரங்கமாக நின்றது. உடல் மட்டும் மலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கில், பாறையைக் குடைந்து ஒளிக்கப்பட்டது. எனவே ஒரு குறுக்குவழி: சுவரில் ஏரும் மாடும் மீன்வலையும் விருந்தும் கண்ணில் பட்டால் நீங்கள் ஓர் அதிகாரியின் வீட்டில் நிற்கிறீர்கள். படகும் பாம்பும் வாயிற்கதவுகளும் நட்சத்திரங்களும் மட்டுமே பட்டால் அது அரசனுடையது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பத்தில் எட்டு தடவை இது கைகொடுக்கும்.

காலத்தையும் தோராயமாகக் கணிக்கலாம். புதிய அரசுக்கு வெகுகாலம் முந்தைய பழைய அரசு காலத்தில் அரசனுக்குப் பிரமிடு, அதிகாரிக்கு மஸ்தபா எனப்படும் பெரிய திண்ணை போன்ற கல்கட்டடம். கீசாவில் கூஃபுவின் பிரமிடுக்குள் மூச்சு வாங்க ஏறிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அரசனின் அறையில் வெறும் கருங்கல் சுவர்தான், ஒரு கோடு கூடக் கிடையாது. பிரமிடுக்குள் எழுத்து வருவது அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசன் உனாஸ் காலத்தில். சக்காராவில் உள்ள அவருடைய சிறிய, இடிந்த பிரமிடுக்குள் சுவர் முழுக்க நீல நிறத்தில் வாசகங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. வெளியே பார்த்தால் மண்மேடு. நேரம் குறைவென்றால் கூஃபுவின் பிரமிடை வெளியே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போவதை உனாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

படி 2: பறவையின் முகத்தை எதிர்கொண்டு படியுங்கள்

சித்திர எழுத்துகளை வலமிருந்தும் எழுதலாம், இடமிருந்தும் எழுதலாம், மேலிருந்து கீழாகவும் எழுதலாம். குழப்பம் தேவையில்லை. ஆந்தை, காடைக்குஞ்சு, பாம்பு, உட்கார்ந்த மனிதன் என்று முகம் உள்ள எழுத்து ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். அவை எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம். நம்மை வரவேற்பவர்களைப் போல அவை நம் வருகையைப் பார்த்து நிற்கும். நாம் அவற்றின் முகத்தை நோக்கி நடக்க வேண்டும்.

இந்த விதியால் இன்னொரு லாபமும் உண்டு. ஓர் உருவத்துக்கு மேலே இருக்கும் எழுத்துகள் அந்த உருவம் பார்க்கும் திசையிலேயே பார்க்கும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் காட்சியில் எந்த வாசகம் யாருடையது என்று இதை வைத்தே பிரித்துவிடலாம்.

மொத்தம் 700க்கும் மேற்பட்ட எழுத்துகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் ஓர் ஒலி மட்டும் தருபவை 24. மற்றவற்றில் சில இரண்டு மூன்று மெய்களைச் சேர்த்துத் தரும். சில ஒலியே இல்லாமல் சொல்லின் இறுதியில் நின்று அது எந்த வகைப் பொருள் என்று காட்டும். நடக்கும் இரண்டு கால்கள் இறுதியில் வந்தால் அது ஏதோ ஓர் அசைவு. உட்கார்ந்த ஆண் வந்தால் அது பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர். உயிரெழுத்தை அவர்கள் எழுதவே இல்லை. புள்ளி இடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது: மொழி தெரிந்தவன் நிரப்பிக்கொள்வான் என்று எழுதியவன் விட்டுவிடுகிறான். இடையில் 'எ' போட்டு "நெஃபெர்" என்றெல்லாம் நாம் உச்சரிப்பது அறிஞர்கள் செய்துகொண்ட வசதி.

படி 3: பெயர்வளையத்தைத் தேடுங்கள்

எகிப்திய எழுத்தில் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அடியில் முடிச்சிட்ட கயிறு போன்ற நீள்வட்டம். உள்ளே சில எழுத்துகள். கார்ட்டூஷ் என்று ஆய்வாளர்கள் சொல்லும் இந்த வளையத்துக்குள் அரசனின் பெயர் இருக்கும். சூரியன் சுற்றிவரும் எல்லை முழுவதும் இவனுடையது என்பது அந்தக் கயிற்றின் பொருள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் இந்த எழுத்தின் பூட்டைத் திறக்கத் தொடங்கியதும் இந்த வளையங்களில் இருந்துதான்.

அரசனுக்கு ஐந்து பெயர்கள். வளையத்துக்குள் வருபவை இரண்டு. வளையத்துக்கு மேலே ஒரு புல்செடியும் தேனீயும் இருந்தால் உள்ளே இருப்பது முடிசூடியபோது பெற்ற பெயர். ஒரு வாத்தும் அதன் அருகே சூரிய வட்டமும் இருந்தால் அது பிறப்புப் பெயர். வாத்தும் வட்டமும் சேர்ந்தால் "ரேயின் மகன்" என்று பொருள்; ரே என்பவர் சூரியக் கடவுள்.

துட்டன்காமுனின் இரண்டு வளையங்களையும் மெதுவாகப் பார்ப்போம். முடிசூட்டுப் பெயரில் மேலே ஒரு வட்டம், அதன் கீழே ஒரு வண்டு, அதன் கீழே மூன்று சிறு கோடுகள், அடியில் அரைவட்டக் கூடை. வட்டம் "ரே", வண்டு "கெப்பெர்", மூன்று கோடு பன்மை, கூடை "நெப்". எழுதியிருப்பது ரே, கெப்பெரு, நெப் என்ற வரிசையில். படிப்பதோ நெப்-கெப்பெரு-ரே. கடவுளின் பெயரை மனிதச் சொற்களுக்குப் பின்னால் நிறுத்துவது மரியாதைக் குறைவு என்பதால் எழுதும்போது அதை முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். படிக்கும்போது அது தன் இடத்துக்குத் திரும்பிவிடும். நான் பல நாள் இதை அறியாமல் எல்லாப் பெயரையும் "ரே" என்று தொடங்கிக்கொண்டிருந்தேன்.

பிறப்புப் பெயரிலும் இதே கதை. மேலே நாணல் இலை, காய்கள் வைத்த விளையாட்டுப் பலகை, நீரலை: இ, மென், ந. சேர்த்தால் ஆமுன் என்னும் கடவுளின் பெயர். அதன் கீழே சிறிய ரொட்டி, காடைக்குஞ்சு, மீண்டும் ரொட்டி: துத். பக்கத்தில் தலையில் கண்ணி வைத்த சிலுவை போன்ற ஆங்க். ஆமுனைக் கடைசிக்கு அனுப்பினால் துத்-ஆங்க்-ஆமுன், "ஆமுனின் உயிருள்ள உருவம்". சிறுவனாகவே அரசனான இவனுக்கு முதலில் இருந்த பெயர் துட்டன்காத்தென். சூரிய வட்டமான ஆத்தெனை மட்டுமே வணங்க வைத்த அகெனாத்தெனின் காலம் முடிந்ததும் பெயரும் மாறியது. புகழ்பெற்ற பொன் சிம்மாசனத்தில் ஆத்தென் பெயரும் இருக்கிறது, ஆமுன் பெயரும் இருக்கிறது. ஒரு மதமாற்றத்தின் நடுவழி அந்த நாற்காலியில் உறைந்து கிடக்கிறது.

அடையாளம் காண எளிதான இன்னும் சில: வட்டம், விளையாட்டுப் பலகை, வண்டு என்று மூன்றே எழுத்து இருந்தால் மூன்றாம் துட்மோஸ் (மென்-கெப்பெர்-ரே). வட்டம், தலையில் இறகு சூடி உட்கார்ந்த பெண், கூடை என்றால் மூன்றாம் ஆமென்ஹோத்தெப் (நெப்-மாஅத்-ரே). வட்டம், நரித்தலைக் கோல், இறகு சூடிய பெண், அதற்கு மேலும் சில எழுத்துகள் என்றால் பெரும்பாலும் இரண்டாம் ராம்சேஸ். அவர் 66 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, மற்றவர்கள் கட்டியவற்றிலும் தன் பெயரைப் பொறித்தவர். எகிப்தில் எந்தக் கல்லைத் திருப்பினாலும் இருப்பார்.

படி 4: படையல் வாசகத்தைக் கண்டுபிடியுங்கள்

அதிகாரிகளின் கல்லறையில் நிலைவாசலிலும் நடுகல்லிலும் சவப்பெட்டியிலும் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும்: ஹோத்தெப்-தி-நேசு, "அரசன் அளிக்கும் படையல்". ஒரு புல்செடி, பாயில் வைத்த ரொட்டி, கூம்பு வடிவ ரொட்டி ஆகியவை வரியின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்தால் அதுதான். அரசன் கடவுளுக்குக் கொடுக்கிறான். கடவுள் இறந்தவருக்குக் கொடுக்கிறார். இறந்தவரின் 'கா' எனும் உயிர்ச்சக்தி அதை உண்கிறது. பட்டியலும் மாறாது: ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம், காளை ஆயிரம், பறவை ஆயிரம், மென்கல் ஜாடி ஆயிரம், துணி ஆயிரம். தண்டோடும் இலையோடும் நிற்கும் தாமரைச்செடி ஒன்றைக் கண்டால் அதுதான் ஆயிரம் என்னும் எண்.

இந்தப் படையலுக்குப் பெயர் "குரல் வெளிப்படுதல்". உண்மையான ரொட்டி ஒருநாள் வராமல் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேரன் வரை வருவான், அதற்குப் பின் யார் வருவார்? அதனால் சில கல்லறைகளில் வழிப்போக்கரை அழைத்து எழுதி வைத்தார்கள்: பூமியில் வாழ்கிறவர்களே, இந்தப் பக்கம் கடந்து போகிறவர்களே, இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்களுக்குச் செலவாவது வாயின் மூச்சு மட்டும். 4,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர் இப்படிக் கூச்சமில்லாமல் கேட்டிருப்பதைப் படித்த பிறகு, அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல்லைக் கடக்கும்போதெல்லாம் நான் முணுமுணுத்துவிட்டுத்தான் போகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் விநோதமாகப் பார்க்கட்டும்.

பெயருக்குப் பின்னால் "மாஅ-கேரு" என்று வந்தால் "வாக்கில் மெய்யானவர்" என்று பொருள். இறந்தவரைக் குறிப்பிடும்போது நாம் 'அமரர்' என்று போடுவதைப் போல.

படி 5: உடம்பின் கணக்கைப் பாருங்கள்

"எகிப்தியர்களுக்குச் சரியாக வரையத் தெரியாது" என்று ஒருவராவது சொல்வார். முகம் பக்கவாட்டில், கண் நேரே, தோள் நேரே, கால் மீண்டும் பக்கவாட்டில். இரண்டு பாதத்திலும் பெருவிரல் நம் பக்கமே தெரியும். முதல் கேள்விக்குத் திரும்புங்கள்: இந்த உடம்பு வேலை செய்ய வேண்டிய உடம்பு. தோள் மறைந்தால் கை இல்லாதவனாகிவிடுவான். கண் பாதி தெரிந்தால் பாதிப் பார்வைதான். எனவே ஒவ்வோர் உறுப்பையும் அது முழுமையாகத் தெரியும் கோணத்தில் வரைந்து சேர்த்தார்கள். உருவத்தின் அளவு தூரத்தைக் காட்டாது, தகுதியைக் காட்டும். வீட்டுக்காரர் பெரியவர், மனைவி சமமாகவோ சற்றுச் சிறியவளாகவோ, வேலைக்காரர்கள் முழங்கால் உயரம்.

கணக்கு கறாரானது. செங்காவியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டிக் கட்டம் போட்டார்கள், நம் தச்சர்கள் மரத்தில் நூலடிப்பது போலவே. நிற்கும் மனிதன் உள்ளங்காலில் இருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். அகெனாத்தென் காலத்தில் இது 20 ஆயிற்று. உடம்பு நீண்டு, கழுத்து மெலிந்து, வயிறு சரிந்த அந்த விசித்திர உருவங்கள் அப்படி வந்தவை. பிற்காலத்தில் மேலிமை வரை 21.

முடிக்காமல் விட்ட கல்லறைகளே இதற்கு நல்ல பாடநூல். 1908இல் கண்டெடுக்கப்பட்ட ஹோரெம்ஹெப் அரசனின் கல்லறையில் உடல் வைத்த அறைக்குள் போனால் வேலை எந்த இடத்தில் நின்றதோ அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் சிவப்புக் கோட்டில் முதல் வரைவு. அதன்மேல் மேற்பார்வை ஓவியர் கறுப்பில் திருத்தியிருக்கிறார்: ஒரு முழங்கை சற்று மேலே, ஓர் எழுத்து சற்று இடதாக. அடுத்த பகுதியில் உளி இறங்கத் தொடங்கியிருக்கிறது. முழுமையான ஓவியம் காட்டாத மனிதக் கையை அந்தக் கறுப்புத் திருத்தங்கள் காட்டுகின்றன.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே தேர் எல் மெதினா என்ற ஊரில் குடியிருந்தார்கள். கல்லறையின் வலப்பக்கக் குழு, இடப்பக்கக் குழு என்று பிரிந்து வேலை செய்தார்கள். சம்பளம் தானியம். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதிய வருகைப்பதிவு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது. யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள்: தேள் கொட்டியது, கண்வலி, பீர் காய்ச்சினான், இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் தானியம் தாமதமானபோது இவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் மிகப் பழையது இதுதான்.

படி 6: வண்ணத்தையும் படியுங்கள்

ஆணுக்குச் செம்பழுப்பு, பெண்ணுக்கு வெளிர்மஞ்சள். மறுவுலகின் அரசனான ஒசைரிஸ் கடவுளுக்குப் பச்சை அல்லது கறுப்பு. இரண்டும் விளைச்சலின் நிறம், கறுப்பு நைல் வண்டலின் நிறம். கடவுளின் தசை பொன் என்பதால் மஞ்சளுக்குத் தனி மதிப்பு. காவி மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி ஆகியவை இயற்கையாகவே கிடைத்தன. நல்ல நீலம் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. மணல், சுண்ணாம்பு, செம்பு, உவர்க்காரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டு அவர்களே உண்டாக்கினார்கள். மனிதன் செயற்கையாகச் செய்த ஆதி நிறமிகளில் ஒன்று அந்த எகிப்திய நீலம்.

படி 7: அடிக்கடி வரும் காட்சிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

தராசுக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு தட்டில் இறந்தவரின் நெஞ்சு, மறுதட்டில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய தேவி மாஅத்தின் இறகு. நரித்தலை அனுபிஸ் தராசைச் சரிபார்க்கிறார், அரிவாள்மூக்கன் பறவையின் தலை கொண்ட தோத் தீர்ப்பை எழுதுகிறார். முதலைத் தலையும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மித், நெஞ்சு கனத்தால் விழுங்கக் காத்திருக்கிறாள். 42 நீதிபதிகள் முன்னால், திருடவில்லை, பொய்யளவை வைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒரு தந்திரம் உண்டு. மம்மியின் மார்பில் வைத்த வண்டுக்கல்லின் அடியில் ஒரு மந்திரம் எழுதுவார்கள்: என் நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. நீதியில் நம்பிக்கை இருந்தது. சொந்த நெஞ்சின் மேல்தான் சந்தேகம்.

கோரைக்காட்டில் படகில் நின்று பறவை வேட்டையாடும் காட்சி, விருந்தில் இசைக்கும் மூன்று பெண்கள், கதிர் அறுக்கும் தம்பதி ஆகியவையும் அடிக்கடி வரும். கடைசிக் காட்சிக்குத் தேர் எல் மெதினாவில் 1886இல் அப்படியே கிடைத்த சென்னெஜெமின் சிறிய அறையைப் பாருங்கள். வாழ்நாள் முழுதும் அரசர்களுக்காகப் பாறை குடைந்தவர் அவர். தன் சுவரில், மறுவுலக வயலில், மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்போடு மனைவியோடு சேர்ந்து அறுவடை செய்கிறார். மண் ஒட்டவே இல்லை. அந்த வேலைக்கும் மாற்றாள் வேண்டும் என்று நினைத்தவர்கள் உஷப்தி பொம்மைகளை வைத்துக்கொண்டார்கள். துட்டன்காமுனிடம் 413 இருந்தன: நாளுக்கு ஒன்றாக 365 ஆள், பத்து பேருக்கு ஒரு மேஸ்திரியாக 36, மாதத்துக்கு ஒருவராக 12.

படி 8: ஓர் அறையை முழுதாகப் படித்துப் பாருங்கள்

1922 நவம்பரில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமுனின் கல்லறை சிறியது; நான்கு அறை, அதில் ஓவியம் உள்ளது ஒன்றே ஒன்று. பயிற்சிக்கு இதைவிட வசதியானது கிடைக்காது. உடல் வைத்த அறையைப் "பொன் மாளிகை" என்றே அழைத்தார்கள். சுவரின் மஞ்சள் பின்னணி அதற்காகத்தான்.

கிழக்குச் சுவரில் தொடங்குங்கள். சறுக்குவண்டியில் மம்மி, தலையில் வெள்ளைத் துணி கட்டிய பன்னிரண்டு பேர் இழுக்கிறார்கள். அவர்களில் மொட்டைத்தலையோடு வேறு உடையில் இருக்கும் இரண்டு பேர் நாட்டின் இரு தலைமை அமைச்சர்கள். இது ஊர்வலம், நமக்குப் பழக்கமான காட்சி.

வடக்குச் சுவருக்குத் திரும்பி, வலமிருந்து இடமாகப் போங்கள். வலக்கோடியில் சிறுத்தைத் தோல் போர்த்தி, நீலக் கிரீடம் வைத்து, கையில் வாய்ச்சி போன்ற கருவியோடு ஒருவர் நிற்கிறார். எதிரே ஒசைரிஸ் வடிவில் துட்டன்காமுன். இது வாய்திறப்புச் சடங்கு. மம்மிக்கு மீண்டும் உண்ணவும் பேசவும் வல்லமை தருவது. இதைச் செய்ய வேண்டியவர் வாரிசு. துட்டன்காமுனுக்குப் பிழைத்த பிள்ளை இல்லை. நிற்பவர் வயதான அமைச்சர் ஆய். அவர் பெயர் பெயர்வளையத்துக்குள் இருக்கிறது. அடக்கம் நடக்கும்போதே அவர் அரசனாகிவிட்டார் என்பதை யாரும் பார்க்காத ஒரு சுவரில் பதிவு செய்து வைத்திருக்கிறார். படத்துக்கு ஆற்றல் உண்டு என்று நம்பியவர்களுக்கு அது பத்திரப்பதிவுக்குச் சமம். நடுவில், உயிரோடு இருக்கும் அரசனின் உடையில் துட்டன்காமுனை வான்தேவி நூத் வரவேற்கிறாள். இடப்பக்கம், பின்னால் தன் 'கா' நிற்க, அவர் ஒசைரிஸைத் தழுவுகிறார். உடல், வரவேற்பு, சேர்க்கை என்று மூன்றே அடியில் கதை முடிந்துவிட்டது.

மேற்குச் சுவரில் பன்னிரண்டு குரங்குகள், கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. சூரியன் இரவின் பன்னிரண்டு மணிநேரத்தைப் படகில் கடப்பதைச் சொல்லும் அம்துவாத் என்னும் நூலின் முதல் மணிநேரம் இது. பெரிய கல்லறைகளில் பன்னிரண்டும் வரும்; இங்கே இடம் இல்லை, முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

தெற்குச் சுவரில் ஹாத்தோர் தேவி அரசனின் மூக்கருகே ஆங்கை நீட்டுகிறாள், பின்னால் அனுபிஸ். இங்கே உருவங்களை அளந்தால் 18 கட்டக் கணக்கு. மற்ற மூன்று சுவர்களில் அகெனாத்தென் காலத்து 20. வேறு கை, வேறு பழக்கம். அனுபிஸுக்குப் பின்னால் நின்ற ஐசிஸ் தேவி இப்போது இல்லை: பொன் பேழைகளை வெளியே எடுக்கக் கார்ட்டர் அந்தச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கின் முகப்பில், கார்ட்டரின் வீட்டருகே 2014 முதல் இருக்கும் நகல் கல்லறையில் பழைய புகைப்படத்தை வைத்து அந்த ஐசிஸையும் காட்டியிருக்கிறார்கள். கூட்டமும் குறைவு. சுவரெங்கும் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பூஞ்சை. ஈரம் காய்வதற்குள் அறையை மூடியதால் வந்திருக்கலாம். இப்போது அவை வளர்வதில்லை.

படி 9: சேதத்தையும் வாசகமாகப் படியுங்கள்

எல்லாச் சேதமும் காலத்தின் வேலை என்று நினைக்கக் கூடாது. நாணல் இலை, பலகை, நீரலை இருக்க வேண்டிய இடம் மட்டும் கொத்தப்பட்டிருந்தால் அது அகெனாத்தெனின் ஆட்கள் ஆமுனின் பெயரைத் தேடித்தேடி அழித்த தடம். பின்னர் அகெனாத்தெனுக்கே அது திரும்பியது. அபிதோஸ் கோயிலில் முதலாம் சேத்தி அரசன் பொறித்த 76 அரசர் பெயர்களின் வரிசையில் பெண்ணரசி ஹத்செப்சுத் இல்லை, அகெனாத்தென் இல்லை, துட்டன்காமுனும் ஆயும் இல்லை.

தனிப்பட்ட பகையும் தெரியும். லக்சரின் பழைய பெயரான தீப்ஸில் மென்னா என்ற நிலக்கணக்கரின் கல்லறை வண்ணத்துக்குப் பெயர்போனது. பல காட்சிகளில் அவருடைய கண்ணை மட்டும் யாரோ குறிவைத்துத் தோண்டியிருக்கிறார்கள். மறுவுலகில் அவர் குருடராகட்டும் என்று. நில அளவைக்காரருக்கு எதிரிகள் இருந்ததில் வியப்பில்லை.

கொள்ளையும் எழுத்தில் இருக்கிறது. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆண்டில், கல்தச்சன் ஆமென்பனுஃபெர் தன் வாக்குமூலத்தில், சொபெகெம்சாஃப் அரசனின் கல்லறையைக் கூட்டாளிகளோடு உடைத்ததையும், பொன்னை எடுத்துக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்ததையும் சொல்கிறான். முதலில் பிடிபட்டபோது தன் பங்கான 20 தெபென் (அக்கால எடை அளவு) பொன்னை எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்தானாம். கூட்டாளிகள் அவனுக்குப் பங்கை ஈடுகட்டினார்களாம்.

படி 10: கடைசியாக, கிறுக்கல்கள்

வாசலருகே, பெரிய ஓவியங்களுக்கு நடுவே, உருவங்களின் காலருகே உற்றுப் பாருங்கள். கிரேக்க, ரோமானியப் பயணிகள் கீறிய பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆறாம் ராம்சேஸின் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம். நம் பக்கத்து ஆட்களும் வந்திருக்கிறார்கள். செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் முன்பே கிடைத்தன. அரசர்களின் பள்ளத்தாக்கிலேயே பல கல்லறைகளில் சிகை கொற்றன் என்ற ஒருவர் தன் பெயரைத் தமிழ்ப் பிராமியில் பொறித்துவிட்டுப் போனது அண்மையில் படிக்கப்பட்டிருக்கிறது. மிளகு அவருக்கும் மூத்த பயணி: இரண்டாம் ராம்சேஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது.

ஆறாம் ராம்சேஸின் கல்லறையில் ஒருவர் கிரேக்கத்தில் கீறியிருக்கிறார்: வந்து பார்த்தேன், சவப்பெட்டியைத் தவிர எதுவும் பிடிக்கவில்லை. இன்னொருவர்: இந்தச் சித்திர எழுத்துகளை என்னால் படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே மூன்றாமவர் பதில் எழுதியிருக்கிறார்: படிக்க முடியாவிட்டால் உனக்கென்ன, உன் கவலை எனக்குப் புரியவில்லை.